மைசூரும் உதுமானியமும்: ஒரு நட்பின் வரலாறு

இரண்டு நாடுகள் நட்புடன்படிக்கை செய்துகொண்டன என்னும் செய்தியை நாளேடுகளில் அடிக்கடி காண்கிறோம். தலைவர்கள் கைகுலுக்குகின்றனர், கொடிகள் அருகருகே பறக்கின்றன, விருந்து நடைபெறுகிறது. அவ்விரண்டும் முஸ்லிம் நாடுகளாக இருந்துவிட்டால் நம் இல்லங்களில் மகிழ்ச்சி ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஒரே கலிமாவை மொழிவோர் ஒன்றுபட்டனர் என்று நெஞ்சு குளிர்கிறது. இம்மகிழ்ச்சி இயல்பானது, குறை சொல்லத் தக்கதன்று. ஆயினும், அரசுகளின் நட்பு எதனால் உண்டாகிறது, எத்துணைச் சுமையைத் தாங்கும், எங்கே முறியும் என்பவற்றையும் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நலம். எண்ணாமல் வைக்கும் நம்பிக்கை பின்னர் கசப்பாக மாறிவிடுவதை நம் முன்னோர் வாழ்விலேயே கண்டிருக்கிறோம்.

இவ்வெண்ணத்துக்கு உரைகல்லாக அமையக்கூடிய வரலாறு ஒன்று, நாம் வாழும் இச்சேலம், நாமக்கல் சமவெளியோடு பிணைந்து கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சேலமும், நாமக்கல்லும், சங்ககிரியும், பரமத்தியும் மைசூர் அரசின் பகுதிகளாக விளங்கின. 1782 டிசம்பரில் ஹைதர் அலீ மறைந்தபின் அரசுரிமை திப்பு சுல்தானிடம் வந்தது. அவர் காலத்தில், இம்மண்ணின் வரிப்பணத்தையும் தன் கருவூலத்தில் கொண்டிருந்த ஓர் அரசு, ரூம் நாடு என்று அக்காலத்தார் அழைத்த உதுமானியப் பேரரசுக்குத் தூது விடுத்தது. மைசூர்க் குடிமக்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். உதுமானியக் குடிமக்களுள்ளும் கிறித்தவர்கள் பெருந்தொகையினராக இருந்தனர். எனவே அதனை இரு முஸ்லிம் சமுதாயங்களின் நட்பு என்பதினும், இரு முஸ்லிம் அரியணைகளின் நட்பு என்பதே பொருந்தும்.

அண்மையில் நாம் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சங்ககிரிக் கோட்டைக்குச் சென்றிருந்தோம். வாயில் வாயிலாகக் கடந்து ஏறிப் பாதி மலையில் மூச்சு வாங்க அமர்ந்தோம். தெற்கே திருச்செங்கோட்டு மலை தெரிந்தது. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்புச் சாரை போல் ஊர்ந்துகொண்டிருந்தன. திப்புவைப் பற்றிப் பள்ளியில் படித்திருந்த மூத்த பேரன், “நன்னா, துருக்கி சுல்தான் பெரிய ராஜாதானே? திப்பு சுல்தான் ஆள் அனுப்பிக் கேட்டும் அவர் ஏன் உதவிக்கு வரல?” என்று கேட்டான். ஒரு வரியில் மறுமொழி கூறிவிடக்கூடிய வினாவாக அது தோன்றவில்லை. அத்தூதின் கதையை அவனுக்கு முழுமையாகச் சொன்னோம். அதனையே ஈண்டும் எழுதுகிறோம்.

1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு ஆங்கிலேயருடன் நிகழ்ந்த போர் ஓய்ந்தது. அது நிலைத்த அமைதி அன்று என்பதைத் திப்பு நன்கறிந்திருந்தார். கும்பெனியாரோடு மராட்டியரும் ஹைதராபாத் நிஜாமும் கூடிவிட்டால் தாம் தனியர் என்பதை உணர்ந்து, கடலுக்கு அப்பால் துணை தேடினார். 1785 நவம்பரில் குலாம் அலீ கான் தலைமையில் தூதுக்குழு ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து புறப்பட்டது. நூருல்லாஹ் கான், லுத்ஃப் அலீ கான், ஜஃபர் கான் ஆகியோர் உடன்சென்ற தூதர்கள். 1786 மார்ச்சில் மேற்குக் கரையிலுள்ள தத்ரி என்னும் சிறு துறைமுகத்திலிருந்து நான்கு கப்பல்கள் பாய் விரித்தன. தூதர்கள், எழுத்தர்கள், படைவீரர்கள், பணியாளர்கள் என ஏறத்தாழ 900 பேர் அவற்றில் இருந்தனர். துணிகளும் நறுமணப் பொருள்களும் யானைகளும் ஏற்றப்பட்டன. குழுவின் எழுத்தர் குவாஜா அப்துல் காதிர், பயண நிகழ்ச்சிகளைப் பாரசீக மொழியில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். அது 1968-ல் வரலாற்றறிஞர் முஹிப்புல் ஹசன் அவர்களால் பதிப்பிக்கப்பெற்று நமக்குக் கிடைத்துள்ளது.

முதலில் மஸ்கட், பின்னர்ப் பாரசீக வளைகுடாவின் துறைகள், அதன்பின் பஸ்ரா. கப்பல்கள் சில புயலுக்கும் தீக்கும் இரையாயின; உயிர்கள் பல கடலோடு போயின. எஞ்சியோர் ஆற்று வழியாகவும் தரை வழியாகவும் பக்தாத், மோசுல் ஆகிய நகர்களைக் கடந்து, 1787 செப்டம்பர் அளவில்தான் இஸ்தான்புல்லை எட்டினர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காலெடுத்து வைத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! இன்று விமானத்தில் ஒரு பகலுக்குள் கடக்கும் தொலைவு அது. கடிதம் போய்ச் சேரவே இரண்டாண்டு ஆகும் காலத்தில், கடிதம் எழுதும்போது இருந்த உலகம் வேறு; அதைப் பிரிக்கும்போது இருக்கும் உலகம் வேறு.

அவ்வாறே நிகழ்ந்தது. தூதர்கள் நகரை நெருங்கிய வேளையில் உதுமானியப் பேரரசு ரஷ்யாவுடன் போரில் இறங்கியிருந்தது. சில மாதங்களில் ஆஸ்திரியாவும் பகையாகச் சேர்ந்துகொண்டது. கிரீமியாவை 1783-ல் ரஷ்யா விழுங்கியிருந்தது. அதனை மீட்பதே இஸ்தான்புல்லின் கவலை. ஐரோப்பாவில் தனக்கு ஆதரவாக ஒரு வல்லரசையேனும் நிறுத்திக்கொள்ள வேண்டிய நெருக்கடி. அந்நிலையில் பிரிட்டனைப் பகைத்துக்கொள்ள எந்த அமைச்சர் துணிவார்?

திப்பு கேட்டவை யாவை என்று பார்த்தால் அவருடைய கூர்மதி புலப்படும். தாம் செலவை ஏற்றுக்கொள்வதாகக் கூறிப் படைவீரர்களைக் கேட்டார். கைத்தொழில் வல்லுநர்களைக் கேட்டார். பஸ்ரா துறைமுகத்தில் தமக்கு உரிமை தந்தால், ஈடாக மங்களூர்த் துறைமுகத்தில் உரிமை தருவதாகச் சொன்னார். யூப்ரடீஸ் ஆற்றிலிருந்து நஜஃப் நகருக்குக் கால்வாய் வெட்டி நீர் கொண்டுவரவும் விழைந்தார். வாணிகம், படை, தொழில், அறம் ஆகிய நான்கையும் ஒரே தூதில் தொடுத்த பேரவா அது. துறைமுகத்துக்குத் துறைமுகம் என்னும் எண்ணம், இரக்கத்தை எதிர்பாராமல் கொடுத்து வாங்கும் உறவைத் திப்பு நாடினார் என்பதற்குச் சான்று.

1787 நவம்பரில் சுல்தான் முதலாம் அப்துல் ஹமீது தூதர்களை அவையில் ஏற்றார். மரியாதைக்குக் குறைவில்லை, விருந்துக்குக் குறைவில்லை. ஆனால் துறைமுகமும் கிடைக்கவில்லை, படையும் கிடைக்கவில்லை. கொள்ளைநோய் வேறு நகரில் பரவித் தூதுக்குழுவினர் பலரை மாய்த்தது. எஞ்சியோர் எகிப்து வழியாகத் திரும்பினர்; மக்காவையும் மதீனாவையும் தரிசிக்கும் பேறு மட்டும் அவர்களுக்கு வாய்த்தது. 1789-ன் இறுதியில் கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கியவர்கள் மிகச் சிலரே. அவர்களை ஏற்று விருந்தோம்பிய சுல்தான் அவ்வாண்டு ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார். மூன்றாம் சலீம் அரியணையில் இருந்தார். தூதர்கள் கொணர்ந்தவை அங்கீகார மடலும் பரிசுப் பொருள்களுமே.

அடுத்து நேர்ந்ததை நம் சமவெளி தன் உடம்பிலேயே அறியும். 1790-ல் கும்பெனியாரும் மராட்டியரும் நிஜாமும் ஓரணியாகத் திரண்டனர். அம்மூவருள் நிஜாமும் ஒரு முஸ்லிம் அரசர் என்பதை மறந்துவிடலாகாது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை எழுதப்பட்டபோது மைசூர் நாட்டில் ஏறத்தாழப் பாதி பறிபோயிற்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம்; மைந்தர் இருவர் பிணை. கும்பெனிக்குச் சேர்ந்த பகுதிகளின் பட்டியலில் பாராமகாலும், சேலமும், நாமக்கல்லும், சங்ககிரியும், பரமத்தியும் இருந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இப்பகுதியின் முதல் கலெக்டராக அமர்ந்தார். பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாளர். இஸ்தான்புல்லிலிருந்து படை வந்திருக்குமாயின் இம்மண்ணின் தலையெழுத்து மாறியிருக்குமோ என்று கற்பனை செய்வது எளிது. வரவில்லை என்பதே வரலாறு.

இதனினும் நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்று ஆறாண்டு கழித்து நடந்தது. 1798 ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். எகிப்து உதுமானிய மண். பிரான்சு உதுமானியரின் பகையாயிற்று. ஆகவே பிரிட்டன் நண்பனாயிற்று. திப்புவோ பிரெஞ்சுத் துணையை நாடிக்கொண்டிருந்தவர். 1798 செப்டம்பர் 20 நாளிட்ட மடலொன்றை மூன்றாம் சலீம் திப்புவுக்கு எழுதினார். பிரெஞ்சுக்காரரின் நட்பை விடுக, ஆங்கிலேயரோடு பகையை ஒழிக்க என்பது அதன் சாரம். அம்மடலைத் திப்புவிடம் சேர்ப்பித்தவர் யார் தெரியுமா? கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி! 1799 ஜனவரியில் தம் சொந்தக் கடிதத்தோடு அதனையும் இணைத்து அனுப்பினார். திப்பு பணிவு குன்றாமல் மறுமொழி எழுதினார். ஆனால் கும்பெனியின் படை பிப்ரவரியில் நகரத் தொடங்கிவிட்டது. மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் திப்பு சுல்தான் ஷஹீதானார்.

ஆப்கானிய மன்னர் சமான் ஷாவுக்கும் திப்பு மடல்கள் விடுத்திருந்தார். அவர் 1798-ன் குளிர்காலத்தில் லாகூர் வரை வந்தார். ஆனால் அவருடைய மேற்கு எல்லையில் பாரசீக ஷாவைக் கிளப்பிவிடக் கும்பெனி ஆள் அனுப்பியிருந்தது. தம் நாடு போய்விடுமே என்று 1799 ஜனவரியில் அவர் திரும்பிவிட்டார். ஒரு முஸ்லிம் மன்னரின் உதவி மற்றொரு முஸ்லிம் மன்னருக்கு எட்டாதபடி, மூன்றாவது முஸ்லிம் மன்னரைக் கொண்டே தடுத்த சூழ்ச்சி அது.

இவற்றையெல்லாம் கூறுவது எவரையும் துரோகி என்று தூற்றுவதற்காக அன்று. மூன்றாம் சலீமின் இடத்தில் அமர்ந்து பார்த்தால், கெய்ரோவில் பகைவன் கொடி பறக்கும்போது பிரிட்டிஷ் கப்பற்படையின் துணையை அவர் எப்படி உதறியிருக்க முடியும்? தம் குடிமக்களைக் காப்பது அவர் கடமை. திப்புவின் கடமையும் அதுவே. இரு கடமைகளும் ஒரே திசையில் ஓடியவரை நட்பு இருந்தது; திசை பிரிந்த நாளில் மடல் மட்டும் மிஞ்சியது. பேரனுக்கு நாம் கூறிய மறுமொழியும் இதுதான்: “அவங்களுக்கும் அப்போ வீட்டுல தீ புடிச்சிருந்துச்சுப்பா. தன் வீட்டுத் தீயை விட்டுட்டு அடுத்த ஊருத் தீயை அணைக்க எந்த ராஜாவும் வர்றதில்ல.”

திப்பு வீழ்ந்தபின் இக்கொங்கு நாட்டில் கும்பெனியாரை எதிர்த்து நின்றவர் தீரன் சின்னமலை. மைசூர்ப் போர்களில் திப்புவின் பக்கம் நின்று பொருதவர் என்று கொங்கு மக்கள் அவரைப் போற்றுகின்றனர். 1805 ஜூலை 31-ல், நாம் அமர்ந்து கதை சொன்ன அதே சங்ககிரி மலைக்கோட்டையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கலீபாவின் வாள் வராத இடத்தில், அண்டை நிலத்து உழவர் குடியில் பிறந்தவர் வாளேந்தி நின்றார். மக்காவில் துன்புற்ற முதல் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தவர் அபிசீனியாவின் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷி என்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நீதியும் அண்மையும் எங்கே கூடுகின்றனவோ அங்கே நட்பு வேர் பிடிக்கிறது.

அப்படியாயின் அரசுகளுக்கிடையே மெய்யான நட்பே இல்லையா? உண்டு. திப்புவின் வரலாற்றிலேயே அதற்கும் சான்று இருக்கிறது. இஸ்தான்புல் நோக்கிச் சென்ற கப்பல்கள் முதலில் நங்கூரமிட்ட மஸ்கட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓமானியர்க்கு மங்களூர் அரிசி உயிர்நாடி. மைசூர்க்கு மஸ்கட் கடல் வாணிகத்தின் வாயில். திப்பு அங்கே வாணிகக் கோட்டி ஒன்றை நிறுவினார். மைசூர்ச் சரக்குக்குச் சுங்கச் சலுகை கிடைத்தது. ஓமானிய மரக்கலங்களுக்கு மங்களூரில் சலுகை கிடைத்தது. மஸ்கட்டிலிருந்த தம் தரோகாவுக்குத் திப்பு எழுதிய மடல்களில், பட்டுப்புழு முட்டைகளும், குங்குமப்பூ விதையும், முத்துக்குளிப்போரும் வேண்டும் என்று கேட்கிறார். அங்கே பெரும்பேச்சு இல்லை. கலீபாவின் பட்டயமும் இல்லை. அரிசி போயிற்று, பேரீச்சம்பழம் வந்தது. திப்பு ஊன்றிய பட்டு வளர்ப்பு மைசூரில் தழைத்தது; நம் தருமபுரிச் சந்தையிலும் பட்டுக்கூடுகள் குவிகின்றன.

மஸ்கட்டும் 1798 அக்டோபரில் கும்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசியல் நட்பு அங்கும் திசை மாறிற்று. ஆனால் வாணிகம் நிற்கவில்லை. இருநூறு ஆண்டு கடந்தும் நிற்கவில்லை. 1997-ல் தனி மாவட்டமான நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளிலிருந்து முட்டைகள் ஓமானுக்கும் கத்தாருக்கும் மாலத்தீவுக்கும் கப்பலேறுகின்றன. 2024-ன் இறுதியில் ஓமான் புதிய இறக்குமதி அனுமதியை நிறுத்திவைத்தபோது, நாமக்கல் பண்ணையாளர் உறக்கமிழந்தனர். நாடாளுமன்றத்திலேயே அது பேசப்பட்டது. ஒரு நாட்டின் முடிவு மற்றொரு நாட்டின் அடுப்பங்கரை வரை எட்டுகிறதென்றால் அதுவே உறவின் ஆழத்துக்கு அளவுகோல்.

அரசுகளின் நட்பைப் பற்றி எழுதும்போது மக்களின் நட்பையும் எழுதாமல் விடலாகாது. 1912-ல் பால்கன் போரில் துருக்கியர் அல்லலுற்றபோது டாக்டர் அன்சாரி அவர்கள் தலைமையில் இந்தியாவிலிருந்து மருத்துவக் குழு சென்றது. 1919 முதல் கிலாபத் இயக்கம் எழுந்தது. காந்தியடிகளும் அலீ சகோதரர்களும் ஒரே மேடையில் நின்றனர். ஊர் ஊராக நிதி திரண்டது. நம் நன்னி தம் காதுகளில் வரிசையாக அணிந்திருந்த அலுக்கத்துகளில் ஒரு சோடியைக் கழற்றிக் கொடுத்ததாகக் கூறுவார். பத்தொன்பது இருபது வயதுப் பெண். கணவரிடம் கேட்டாரோ இல்லையோ, அதை மட்டும் சொன்னதில்லை!

1924 மார்ச் 3-ல் துருக்கி நாடாளுமன்றமே கிலாபத்தை ஒழித்துவிட்டது. இந்திய முஸ்லிம்கள் அனுப்பிய பணத்தில் எஞ்சிய ஒரு பகுதி, அவ்வாண்டு தொடங்கப்பெற்ற ‘இஷ் பங்காசி’ என்னும் துருக்கிய வங்கிக்கு முதலாயிற்று. நாம் சிறுவராக இருந்தபோது, “அப்போ உங்க தங்கம் வீண்தானே நன்னி?” என்று கேட்டிருக்கிறோம். “கொடுத்தது அல்லாஹ்வுக்காகக் கொடுத்தேன் தம்பி. வாங்கினவங்க கணக்கை அவங்க சொல்லிக்கட்டும்” என்றார். அரசியல் அறிஞர் பலர் பக்கம் பக்கமாக எழுதியதைவிட அவ்விரண்டு வாக்கியங்களில் தெளிவு மிகுதி என்று நமக்கு இன்றும் தோன்றுகிறது. உதவி செய்வது வேறு. உதவியைக் கொண்டு ஓர் அரசை விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணுவது வேறு. அன்னார் முன்னதைச் செய்தார், பின்னதை எண்ணவில்லை. ஆகவே அவர் ஏமாறவுமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முஸ்லிம் நாடுகளை நோக்கினாலும் இதே பாடம் தொடர்கிறது. 1921-ல் துருக்கியும் ஆப்கானிஸ்தானும் மாஸ்கோவில் நட்புடன்படிக்கை செய்தன. இரண்டும் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற நேரம் அது. துருக்கியும் பாகிஸ்தானும் 1951-ல் நட்புடன்படிக்கையும், 1954-ல் ஒத்துழைப்பு உடன்படிக்கையும் செய்தன. 1964-ல் ஈரானையும் சேர்த்து வளர்ச்சிக் கூட்டமைப்பொன்றை அமைத்தன. இருவருக்கும் இடையே பொது எல்லையும் இல்லை, எல்லைச் சண்டையும் இல்லை. ஆதலால் அந்நட்பு நீடித்தது. மறுபுறம், ஈரானும் ஈராக்கும் 1975-ல் அல்ஜியர்ஸில் கையெழுத்திட்டன. ஐந்தே ஆண்டில் அது கிழிக்கப்பட்டு எட்டாண்டுப் போர் மூண்டது. இருபுறமும் தொழுகை, இருபுறமும் ஜனாஸா! சமயம் நட்புக்கு வாயிலைத் திறந்து தரும். வீட்டைக் கட்டுவது நேர்மையும் பரஸ்பரத் தேவையும் சொல் தவறாமையுமே.

2023 பிப்ரவரியில் துருக்கியைப் பூகம்பம் குலைத்தபோது நம் இந்திய நாடு மீட்புப் படையினரையும் மருத்துவர்களையும் அனுப்பியது. அப்பணிக்கு இட்ட பெயர் ‘ஆபரேஷன் தோஸ்த்’. ‘தோஸ்த்’ என்பது நம் நாட்டிலும் நண்பன். துருக்கி மொழியிலும் நண்பன். குலாம் அலீ கானும் குவாஜா அப்துல் காதிரும் இரண்டாண்டு நடந்து சுமந்து சென்ற சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும். அரசியலில் இரு நாடுகளும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்துடையன என்று எவரும் சொல்லமாட்டார். இடிபாட்டுக்குள் கைநீட்டுவதற்கு அவ்வொப்புமை தேவைப்படவுமில்லை.

ஆகவே, இரு முஸ்லிம் நாடுகள் கைகோக்கும் செய்தி வரும்போது நாம் மகிழ்வோம், பிள்ளைகளுக்கும் சொல்வோம். கூடவே, எந்தத் தேவை அவர்களை இணைத்தது, அது யாருக்கு நன்மை, எவருடைய வயிற்றில் அடிக்காமல் அமைந்தது என்று கேட்கவும் அவர்களைப் பழக்குவோம். திப்புவை இன்று ஒருசாரார் குறையே இல்லாதவராக்குகின்றனர். ஒருசாரார் நிறையே இல்லாதவராக்குகின்றனர். துறைமுகத்துக்குத் துறைமுகம் தரக் கருதிய, பட்டுப்புழுவுக்கும் குங்குமப்பூவுக்கும் மடல் எழுதிய, துணைக்கு ஆளின்றி வாயிலில் வீழ்ந்த அந்த மனிதரை அவர் காலத்தில் வைத்துக் காண்பதே அவருக்கு நாம் செய்யும் நன்றி. தொலைவிலுள்ள அரியணைக்கு நம் துஆ போதும். தோளில் கைபோட வேண்டிய நண்பரோ, சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நம் அடுத்த வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறார்.